ஓடைத் தண்ணீரின் அளவு பிசகினால் எங்கே தேட வேண்டும்

எங்கள் ஓடை நீலகிரி மாவட்டத்து நாடுகாணிக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவின் அடியில் பிறக்கிறது. பாண்டியாற்றோடு சேர்ந்து மலையிறங்கி, நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் கடலைத் தொடுகிறது. மேலே நாங்கள் குடிக்கும் அதே தண்ணீரைத்தான் கீழே கேரளத்து ஊர்களும் குடிக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளோடு வாரம் ஒரு முறை அதன் தரத்தை அளந்து நோட்டில் எழுதி வருகிறேன்: பிஎச் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடினால் எண் குறையும்), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), இன்னும் சில. அக்கம்பக்கத்து ஊர்களில் இதே வேலையைச் செய்பவர்கள், "டீச்சர், எண் விபரீதமாக வருகிறது" என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பத்துப் பாட்டிலில் ஆறேழுக்கு ஓடை காரணமாக இருக்காது. மீட்டரோ, பாட்டிலோ, அளந்த நேரமோதான் காரணமாக இருக்கும். மீதியில்தான் உண்மையான சங்கதி இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்றைச் செய்யுங்கள். பாட்டிலை ஓடைத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டு, புதிதாக எடுத்து மறுபடி அளக்க வேண்டும். சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத்தண்ணீரையோ பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையோ அதே மீட்டரில் அளக்க வேண்டும். டிடிஎஸ் பத்துக்கு மேல் காட்டினால் மீட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிறகு ஐம்பது அடி மேலே போய் ஒரு முறை அளக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் கால் மணி நேரம் போதும், செலவும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடிநீர்த் தர அட்டவணையில் பிஎச் 6.5 முதல் 8.5 வரை என்று இருக்கும். எங்கள் ஓடை வருடம் முழுவதும் 6.2-க்கும் 6.8-க்கும் இடையில்தான் நிற்கிறது. டிடிஎஸ் 25 முதல் 40 வரை. மழை அதிகமான மலையில், உப்பு கரையாத கடும்பாறை மேல் ஓடும் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அதனால் அட்டவணையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் ஓடையின் வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய நோட்டு இல்லாதவர்கள் இன்றே ஒன்று போடுங்கள்.

## பிஎச் ஐந்துக்குக் கீழே காட்டுகிறது, அல்லது எண் நிற்காமல் ஓடுகிறது

எண் ஓடிக்கொண்டே இருந்தால் அவசரம்தான் காரணம். உப்பு குறைந்த மலைத்தண்ணீரில் பிஎச் மீட்டர் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஊர்க் குழாயில் அரை நிமிடத்தில் நிற்கும் எண், ஓடையில் நிற்க ஐந்து நிமிடம் பிடிக்கும். ஓடையில் நேரே முக்காமல், ஒரு குவளையில் எடுத்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அசையாமல் வைத்துக் காத்திருங்கள்.

காத்திருந்தும் நிற்கவில்லையென்றால் குமிழ் காய்ந்திருக்கும். மூடிக்குள் வெள்ளைப் படிவம் பார்த்தால் அதுவே அடையாளம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு இரவு ஊற வையுங்கள். வடிநீரில் மட்டும் ஊற வைக்காதீர்கள். அது குமிழை இன்னும் கெடுக்கும். மறுநாள் 6.86, 4.00 என்ற இரண்டு பஃபர் பொடிகளை (பிஎச் எண் முன்பே தெரிந்த கரைசலைத் தருபவை) புதிதாகக் கரைத்துச் சரிபாருங்கள். போன வருடம் கரைத்து வைத்த பஃபர் உதவாது. இரண்டிலும் எண் சரியாக வராவிட்டால் குமிழின் ஆயுள் முடிந்தது, மாற்றத்தான் வேண்டும்.

பஃபரில் சரி, ஓடையில் மட்டும் குறைவு என்றால் இப்படிச் செய்து பாருங்கள். பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மூடியைத் திறந்து மூடி இன்னொரு முறை குலுக்கி, மறுபடி அளவெடுங்கள். 5.4 என்று இருந்தது 6.2-க்கு ஏறினால் அது ஊற்றுத் தண்ணீர். மண்ணுக்கடியில் கரைந்த கரியமில வாயு வெளியேறியதால் எண் ஏறியிருக்கிறது. அது ஓடையின் இயல்பு, கவலை வேண்டாம்.

குலுக்கியும் ஏறவில்லை, தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் இருக்கிறது என்றால், மேலே வயலோ சதுப்போ இருக்கும். இலை மட்கிய சாறு அது, அதுவும் இயற்கைதான்.

நிறம் பழுப்பு, புளித்த வாடை, கரையோரம் நுரை, மாதம் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் காபிப் பழம் உரிக்கும் பல்ப்பரின் கழிவுநீரைச் சந்தேகியுங்கள். பழத்தின் பிசின் புளித்துத் தண்ணீரை அமிலமாக்குகிறது, ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. மேலே நடந்து போனால் வாடையே வழி காட்டும். பல்ப்பர் வைத்திருப்பவரிடம் முதலில் நேரில் பேசுங்கள். கழிவைக் குழியில் தேக்கினாலே பாதி தீரும். பேசியும் நிற்கவில்லை என்றாலோ, வாடையும் நிறமும் இல்லாமல் பிஎச் 4.5-க்குக் கீழே நின்றாலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத வேண்டியதுதான்.

## பிஎச் எட்டரைக்கு மேல் ஏறிவிட்டது

நேரத்தைப் பாருங்கள். வெயில் விழும் தேங்கிய மடுவில் பாசி இருந்தால், பிற்பகல் மூன்று மணிக்குப் பிஎச் ஏறுவது இயல்பு. பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. அதே இடத்தில் காலையில் அளந்தால் இறங்கியிருக்கும். விடியற்காலை என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் யானை ஓடைக்கு வரும். எண்ணுக்காக யாரும் இருட்டில் இறங்க வேண்டாம், பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். கொழுந்து பறிக்க ஆட்கள் இறங்கிய பிறகு, ஏழரை எட்டு மணிக்கு எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

காலையிலும் அதிகம் என்றால் சுண்ணாம்பைத் தேடுங்கள். தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க டோலமைட் போட்டிருக்கிறார்களா? மழைக்கு முன் காபிக்கும் மிளகுக் கொடிக்கும் பூஞ்சை நோய்க்கான போர்டோ கலவை அடித்திருக்கிறார்களா? அந்தக் கலவையில் சுண்ணாம்போடு மயில்துத்தமும் (தாமிர உப்பு) இருக்கிறது, மயில்துத்தம் மீனுக்கு நஞ்சு. கலக்கிய டிரம்மை ஓடையில் கழுவினார்களா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறு நடக்கிறது.

எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. ஒரு மார்ச் மாதம், வழக்கமாக 6.5 காட்டும் இடத்தில் 10.1 வந்தது. மூன்று முறை அளந்தோம், பஃபரில் சரிபார்த்தோம், மாறவில்லை. மேலே போனால் இருநூறு அடியில் புதிதாகக் கட்டிய தடுப்பணை, சாக்கு போர்த்தி நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஈர சிமெண்டிலிருந்து வடிந்த தண்ணீர் ஓரத்துச் சிறு கால்வாய் வழியாக நேரே எங்கள் இடத்துக்கு வந்து கொண்டிருந்தது. கரைக் கல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. நனைக்கும் தண்ணீர் ஓடையில் வடியாமல் ஒரு பள்ளம் வெட்டச் சொன்னோம். இரண்டு வாரத்தில் எண் இறங்கிவிட்டது.

மீட்டர் இல்லாமல் சொட்டுக் கரைசல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: நிறம் வந்து கண் முன்னாலேயே வெளுத்துப் போனால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. மேலே எங்கோ தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி விட்டிருப்பார்கள். அன்றைய எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

காலை நேரத்தில், இரண்டு நாள் தொடர்ந்து 9-க்கு மேல், காரணமும் கண்ணில் படவில்லை என்றால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

## டிடிஎஸ் திடீரென்று இரண்டு மடங்கு

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டரில் அது 0.5, சிலவற்றில் 0.7. புது மீட்டர் வாங்கிய வாரம் 30 என்பது 42 ஆனால் ஓடை மாறவில்லை, பெருக்கெண்தான் மாறியிருக்கிறது. முடிந்தால் மின்கடத்துதிறனின் அலகான மைக்ரோசீமன்ஸ் கணக்கிலேயே நோட்டில் எழுதுங்கள்; யார் மீட்டரானாலும் ஒப்பிடலாம்.

அடுத்தது, மீட்டரைப் பஃபரில் முக்கிவிட்டு உடனே அளந்தீர்களா? ஒரு சொட்டு பஃபர் ஒட்டியிருந்தாலே மலைத்தண்ணீரின் எண் தாறுமாறாகும். அதனால் டிடிஎஸ் முதலில், பிஎச் பிறகு. அடுத்தது பேட்டரி. அதற்கும் அடுத்தது முனையில் படிந்த அழுக்கு; சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, வடிநீரில் அலசினால் போகும்.

மீட்டர் சரியென்றால் வானத்தைப் பாருங்கள். ஏப்ரல் மே மாதங்களில் ஓடை சுருங்கி ஊற்றுத் தண்ணீர் மட்டும் வரும்போது எண் மெல்ல மெல்ல ஏறும். கோடை கழிந்து விழும் முதல் மழை, மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கை ஒரே நாளில் இறக்கும். மூன்றாவது நாள் பழைய நிலைக்கு வந்துவிடும். மாறாக அடைமழை நாளில் எண் குறைய வேண்டும். அடைமழையிலும் ஏறினால் யாரோ எதையோ ஓடையில் விடுகிறார்கள்.

அப்போது செய்ய வேண்டியது பாதிப் பாதியாகத் தேடுவது. ஊற்றுக்கண்ணில் ஒரு அளவு, உங்கள் இடத்தில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு. நடுவில் குறைவென்றால் கோளாறு கீழ்ப்பாதியில், அதிகமென்றால் மேல்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடையில் ஐந்தாறு அளவுகளில் முப்பது மீட்டருக்குள் வந்துவிடலாம்.

ஒரு ஆகஸ்ட் மாதம் எங்கள் எண் 31-லிருந்து 68 ஆனது. ஊற்றில் 29. நடுவில் இருக்கும் மரப்பாலத்தடியில் 30. மூங்கில் புதருக்கு அருகே 31. அதற்குக் கீழே, பெரிய பாறையருகில், 70. பாறைக்கும் புதருக்கும் நடுவே அட்டை கடியைப் பொறுத்துக்கொண்டு கரையோரம் நடந்தோம். காட்டுச் சேம்பு இலைகளுக்கு அடியில், கை அகலத்துக்கு ஒரு நீர்த்தாரை. தொட்டால் ஓடைத் தண்ணீரை விட வெதுவெதுப்பு. மீட்டரை வைத்தால் 640. அதைப் பிடித்து ஏறினால் மேலே ஒரு மாட்டுத் தொழுவம், சாணக்குழி மழையில் நிறைந்து ஓரம் உடைந்திருந்தது. வீட்டுக்காரப் பெரியவர் பதறிப் போனார். "நிறைந்தது எனக்கே தெரியாது டீச்சர், இன்றைக்கே மண் அணைத்துவிடுகிறேன்" என்றார். அன்று மாலையே அணைத்துவிட்டார். அடுத்த வாரம் 33. யாரையும் குற்றவாளியாக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். எண்ணைக் காட்டுங்கள், இடத்தைக் காட்டுங்கள், முக்கால்வாசிப் பேர் சரிசெய்துவிடுவார்கள்.

தாரை மனிதக் கழிவுத் தொட்டியிலிருந்தோ தொழிற்கூடக் குழாயிலிருந்தோ வந்தால் நீங்களாகத் தோண்ட வேண்டாம். ஊராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள்.

## நைட்ரேட் கீற்று கருஞ்சிவப்பாகிறது

நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேர்வது; நிறம் மாறி அதைக் காட்டும் சோதனைத் துண்டுதான் கீற்று. முதலில் கீற்று டப்பாவின் கடைசித் தேதியைப் பாருங்கள். பிறகு மூடியைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் உப்பே நீராகும், திறந்து வைத்த கீற்று என்னவாகும்? வடிநீரில் நனைத்தும் நிறம் வந்தால் டப்பாவையே தூக்கிப் போடுங்கள்.

கீற்று நல்லதென்றால், எந்தக் கணக்கில் எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில டப்பாக்களில் நைட்ரேட் என்ற கணக்கு, சிலவற்றில் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் என்ற கணக்கு. இரண்டாவதை 4.43-ஆல் பெருக்கினால்தான் முதலாவது வரும். குடிநீருக்கு இந்தியத் தர வரம்பு நைட்ரேட்டாக லிட்டருக்கு 45 மில்லிகிராம். நைட்ரஜன் கணக்குக் கீற்றில் 10 என்று வந்தால் சின்ன எண் என்று விட்டுவிடாதீர்கள், வரம்பைத் தொட்டுவிட்டது.

எண் உண்மைதான் என்றால், தோட்டத்தில் உரம் போட்ட தேதியையும் மழை பெய்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூரியா போட்ட வாரத்தில் கனமழை என்றால் ஏறத்தான் செய்யும், இறங்கியும் விடும். உரம் போடாத மாதத்திலும் நின்றால் கழிவுத் தொட்டிதான், மேலே சொன்னபடி தேடுங்கள். நைட்ரேட் கணக்கில் எண் 45-க்குக் கீழே இறங்கும் வரை கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் லைன் வீடுகளில் பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி நைட்ரேட் கூடத்தான் செய்யும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்.

## கரைந்த ஆக்சிஜன் குறைவு

20 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் இருக்கும் என்பது கடல்மட்டக் கணக்கு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் எட்டுதான் நிறைவு. ஒன்பது வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

சொட்டுக் கரைசல் முறையில் பார்ப்பவர்கள் பாட்டிலில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எண்ணை ஏற்றிக் காட்டும். முதல் இரண்டு கரைசல் சேர்த்ததும் பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே படிந்தால் அறவே இல்லை, மேற்கொண்டு சொட்டு எண்ணத் தேவையில்லை.

இலை மட்கும் தேங்கிய மடுவில் நாலு, ஓடும் இடத்தில் ஏழு என்றால் மடுவின் குணம். ஓடும் தண்ணீரிலேயே ஐந்துக்குக் கீழே என்றால் சாணம், கழிவுநீர், பல்ப்பர் மூன்றில் ஒன்று. மூன்றுக்குக் கீழே என்றால் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறும். அன்றே ஆள் அழையுங்கள்.

## எண்ணெய்ப் படலமும் ஆரஞ்சு வண்டலும்

குச்சி ஒன்று போதும். படலத்தைக் குச்சியால் கீறுங்கள். கண்ணாடி உடைந்தது போல் துண்டு துண்டாகப் பிரிந்து, சேராமல் மிதந்தால் இரும்பைத் தின்னும் நுண்ணுயிர்களின் படலம். அருகிலேயே ஆரஞ்சு நிறக் கொழகொழப்பு இருக்கும். பார்க்கத்தான் அருவருப்பு, நஞ்சு இல்லை. கீறிய இடம் வளைந்து நெளிந்து உடனே மூடிக்கொண்டால் டீசலோ எண்ணெயோதான். ஜீப் கழுவும் இடத்தைத் தேடுங்கள்.

## எல்லா எண்ணும் சரி, மீன் மட்டும் செத்து மிதக்கிறது

இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பூச்சிமருந்தும் மயில்துத்தமும் மீனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் பிஎச்சும் டிடிஎஸ்ஸும் அசையாமல் நிற்கும். நம் கையிலுள்ள மீட்டர்களுக்கு அது தெரியவே தெரியாது. எண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரையும் குடிக்க விடாதீர்கள்.

மீனைத் தொடாதீர்கள், தின்னவும் கொடுக்காதீர்கள். கீழ்வீடுகளுக்குச் சொல்லியனுப்புங்கள். ஓடைத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, பனிக்கட்டியில் வையுங்கள். நேரம், இடம், புகைப்படம் மூன்றும் வேண்டும். காவல் நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அதே நாளில் தெரிவியுங்கள். மறுநாள் என்றால் தண்ணீர் கேரளம் போய்ச் சேர்ந்திருக்கும்.

1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கச் சுரங்கக் கம்பெனிகள் வந்து மலையைக் குடைந்தன. பழைய குடைவுகளுக்குக் கீழே உங்கள் ஓடை இருந்தால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஒரு முறை ஆய்வகத்தில் பாதரசம் பார்த்துவிடுங்கள். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படும். குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான்.

## கிருமிச் சோதனைக் குப்பி கறுத்துவிட்டது

குப்பி கறுத்தால் தண்ணீரில் கழிவுக் கிருமி இருக்கிறது என்று பொருள். திறந்த ஓடையில் கறுக்கத்தான் செய்யும். காட்டெருமையும் யானையும் இறங்கும் தண்ணீர் அது. கொதிக்க வைத்துக் குடியுங்கள். மூடிய ஊற்றுத்தொட்டியின் தண்ணீரும் கறுத்தால் தொட்டியில் விரிசல் தேடுங்கள்.

## கலங்கல்

வெயில் நாளில் கலங்கினால் மேலே மண் வெட்டுகிறார்கள், அல்லது விலங்கு இறங்கியிருக்கிறது. அரை மணி கழித்துப் பாருங்கள். கலங்கல் மீட்டரின் குப்பியில் விரல் தடமும் பனித்த ஈரமும் பொய் எண் கொடுக்கும், துடைத்துவிட்டு அளவெடுங்கள்.

மழை நாள் வேறு. விடாத மழையில் ஓடை திடீரென்று செம்மண் குழம்பாகிக் கல்லும் மரமும் இழுத்து வந்தாலோ, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தாலோ, அளக்க நிற்காதீர்கள். மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம், அந்த அடைப்பு உடையும். 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில், முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இரவோடிரவாக மலை இறங்கியது. அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கிடைத்தன. மீட்டரைப் போட்டுவிட்டு, ஓடைக்குக் குறுக்காகக் கடக்காமல், பக்கவாட்டில் மேடேறுங்கள். கீழ்வீடுகளைக் கூப்பிடுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

## ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது

மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது. எங்களிடமிருந்து உதகைக்கு மலைப்பாதையில் பல மணி நேரப் பயணம். கிருமிச் சோதனைக்கு ஆறு மணி நேரத்துக்குள் சேர்வது நல்லது, 24 மணியைத் தாண்டக் கூடாது. அதனால் முதல் பஸ்ஸைப் பிடிக்கும் ஆளிடம் கொடுங்கள், பாட்டிலை அவர்களிடமிருந்தே கிருமி நீக்கியதாக முன்கூட்டி வாங்கி வையுங்கள், பனிக்கட்டி டப்பாவில் வையுங்கள். பாட்டிலின் மேல் ஒட்டும் சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும். இடம், தேதி, மணி, முந்தின நாள் மழை, நீங்கள் அளந்த எண்கள் ஆகியவற்றைப் பென்சிலால் அட்டையில் எழுதி, நூலால் பாட்டில் கழுத்தில் கட்டுங்கள். பேனா மை கரையும்.

அமோனியா பார்க்கும் மஞ்சள் நிறக் கரைசலில் பாதரசம் இருக்கிறது. சோதனை முடிந்த அந்தக் கழிவை ஓடையில் கொட்டாதீர்கள். தனிப் பாட்டிலில் சேர்த்து வைத்து, அதே பஸ்ஸில் ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.